எடைக்கு எடை வெல்லம்

உக்காரும்மா, நல்லா உள்ள தள்ளி உக்காரு. சன்னல் பக்கம் போயிக்கோ. நான் இந்த ஓரத்துல இருந்துக்கிடுதேன், எனக்குக் கால் மடக்க முடியாது. பையை என் மடியில வை, பரவாயில்ல. ஒல்லியாத்தான் இருக்கே, அதனால சரியாப் போச்சு. இந்த பஸ்ல சீட்டை எல்லாம் என்னத்துக்கு இப்படிச் சின்னதாப் போட்டு வச்சிருக்கான்னு தெரியலை. மனுசர் உக்கார வேண்டாமா?

என் மகளும் இந்த பஸ்லதான் வாரா. அந்தா, டிரைவருக்குப் பின்னால ரெண்டாவது சீட்டு, பச்சைச் சுடிதார். என் பக்கத்துல உக்காரச் சொன்னேன். ரெண்டு பேருக்கும் எடம் பத்தாதும்மான்னு முன்னால போயிட்டா. போகட்டும். பஸ்ல ஏறினாளே, அது போதும். ஏழு மாசம் கழிச்சு இன்னைக்குத்தான் வீட்டுக்கு வாரா. எங்க வீட்டுக்காரக அதுக்குள்ள மூணு தடவை போன் பண்ணிட்டாக. ஏறிட்டாளா, ஏறிட்டாளான்னு கேட்டு. ஏறிட்டா, நீங்க சோத்தை வடிங்கன்னு சொன்னேன். மனுசன் அழுதுட்டாக போனுல. எனக்கும் அழுகை வந்துது. பஸ்ஸுன்னு அடக்கிக்கிட்டேன்.

பேரு உலகம்மை. உலகுன்னு கூப்பிடுவோம். ஆம்புலன்ஸ்ல வேலை. வண்டியோடயே போயி, அடிபட்டவங்க, மயங்கினவங்களை எல்லாம் தூக்கி ஏத்தி, போற வழியிலயே ஊசி மருந்து குடுக்கணும். வயசு இருபத்தொம்பது. கல்யாணம் ஆகலை. ஏன் ஆகலைன்னு நீ கேக்கவும் வேண்டாம், நான் சொல்லவும் வேண்டாம். பின்னால இருந்து பாத்தாலே தெரியுதுல்லா. அலுத்துப் போச்சும்மா எனக்கு. இந்த ஒரு உடம்பைப் பத்தி நெனைச்சு நெனைச்சே என் உடம்பு ஓய்ஞ்சு போச்சு.

என்ன? சத்தமாப் பேசுதேனா? இதுதாம்மா என் பேச்சு. எங்க வீட்டுல எல்லாருக்கும் தொண்டை பெருசு.

நாங்க கோயில்ல இருந்து வாரோம். நீ அதுக்கு அடுத்த ஸ்டாப்புலதானே ஏறினே. அப்ப அங்க நடந்ததைப் பாத்திருக்க மாட்டே. நல்லதாப் போச்சு. பாத்தவங்க ரெண்டு பேரு பின்னால உக்காந்திருக்காங்க, திரும்பிப் பாக்காத.

துலாபாரம் குடுக்கப் போனோம். ஒரு தட்டுல ஆளு, ஒரு தட்டுல வெல்லம். உனக்குத் தெரியாததா? இது இன்னைக்கு நேத்து நேர்ச்சை இல்லம்மா. இவ ஏழாம் மாசத்துல பொறந்தவ. பெரிய ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருந்தாங்க. ஒரு கிலோ கூட இல்ல. காலையில எடை போட்டுட்டு நர்ஸம்மா வெளிய வந்து சொல்லுவா. ஏறினாத்தான் பிழைக்கும், எறங்கினா எங்க கையில இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஒரு நாள் ஏறும், மறுநாள் எறங்கும். அந்த நர்ஸம்மா முகத்தை நான் பாக்கவே மாட்டேன். ஒருநாள் வராந்தாவுல நின்னுக்கிட்டே அம்மனைக் கேட்டேன். தாயே, இந்தப் பிள்ளைக்கு எடை ஏறட்டும். எத்தனை ஏறுதோ அத்தனைக்கு, எடைக்கு எடை வெல்லம் உன் தராசுல வைக்கேன். அப்படித்தான் கேட்டேன். அன்னையில இருந்து எறங்கவே இல்லம்மா. ஏறிக்கிட்டேதான் இருந்தா.

உடனே குடுத்திருக்கணும். எல்லாரும் இதையே சொல்லுதாங்க. அப்ப என்னடான்னா மாமனார் செத்துப் போனாரு, தீட்டு. அப்புறம் வீடு கட்டினோம். அப்புறம் இவ பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சா. அப்புறம் ஒரு நாள் திரும்பிப் பாக்கேன், பிள்ளை என் தோளுக்கு மேல நிக்கா. வகுப்புல போட்டோ எடுத்தா பையங்களோட கடைசி வரிசையில நிப்பாட்டுவாங்க. வளையல்காரி வந்தா ரெண்டு பத்து அளவு இருக்கான்னுதான் முதல்ல கேக்கணும். எல்லாம் எங்க மாமனார் எலும்பு. அவரு வாசல்ல குனிஞ்சுதான் நுழைவாரு. எங்க பக்கத்துல யாரும் இப்படிக் கிடையாது. என்னை ஏன் பாக்கே? நான் பிள்ளை பெத்த உடம்பு, அது வேற.

அந்தக் கோயில்ல ஒரு முறை உண்டு. தராசு சரிக்குச் சரி வந்ததும் தராசுக்காரர் எடையைச் சத்தமாக் கூப்பிடுவாரு. அம்மன் காதுல விழணுமாம். கோயிலுக்குள்ள எங்க நின்னாலும் கேக்கும். சின்னப் பிள்ளைன்னா பத்துக் கிலோ, பன்னெண்டு கிலோ, கேக்கவே நல்லா இருக்கும். வயசுப் பொண்ணை உக்கார வச்சு தொண்ணூத்தொண்ணுன்னு கூப்பிட்டா எப்படி இருக்கும்? நீயே சொல்லு. எங்க அக்கா சம்பந்தி வீடே அந்தக் கோயில் தெருவுலதான் இருக்கு. அதனால கொஞ்சம் குறையட்டும், கொஞ்சம் குறையட்டும்னு நான் தள்ளிக்கிட்டே வந்தேன். அம்மனுக்குத் தெரியாதா பெத்தவ மனசு?

போன வருசம் ஒரு பூசாரி சொன்னாரு. பழைய நேர்ச்சை ஒண்ணு பாக்கி நிக்கு, அதைக் குடுக்காம இந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் கூடி வராதுன்னு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. சரி, வார ஆடியில குடுத்திருவோம், அதுக்குள்ள இவளை அறுபதுக்குக் கொண்டாந்திருவோம்னு முடிவு பண்ணினேன். அறுபது எங்க இருந்து வந்துதுன்னு கேக்கியா? எங்க அக்கா மக கல்யாணத்தப்ப அறுபது. மேடையில கண்ணுக்கு லட்சணமா இருந்தா. ஏதாவது ஒரு அளவு வேணும்லா?

இவளும் அப்ப வீட்டுலதானே இருந்தா. முதல்ல டாக்டரைப் பாப்போம்மான்னா. போனோம். அந்த டாக்டரம்மா, ஊதினாப் பறந்திருவா, அவ்வளவு மெலிசு. அவ இவ மணிக்கட்டைப் பிடிச்சுப் பாத்தா. தோளைப் பாத்தா. இடுப்பை டேப் வச்சு அளந்தா. ரத்தம் எடுத்தா. எல்லாம் முடிச்சுட்டு என்கிட்ட சொல்லுதா: "அம்மா, இவங்க எலும்புக்கட்டே பெருசு. அறுபதுக்கு வர மாட்டாங்க. வந்தா அதுதான் நோய். அடுத்தவங்க எடையை வச்சு இவங்களை அளக்காதீங்க. சர்க்கரை எல்லையைத் தொட்டுக்கிட்டு நிக்கு. ஆறு மாசத்துல அஞ்சாறு கிலோ எறக்கினாப் போதும், அது பின்னால போயிரும். அப்புறம் ஏறாமப் பாத்துக்கிட்டாலே பெரிய விசயம்."

அஞ்சாறு கிலோ! அதுக்கு ஒரு டாக்டரா? சோத்தைப் பாதியாக் குறைச்சு காயைக் கூட்டு, பருப்பு முட்டை சேத்துக்கோ, தினம் நட, பட்டினி மட்டும் கிடக்காதன்னா. இது எனக்குத் தெரியாதா? வெளிய வந்ததும் நான் உலகுட்ட சொன்னேன், "ஏட்டி, அந்தப் பொம்பளைக்கு உன் கவலை என்ன தெரியும், அவளுக்குக் கல்யாணம் ஆயிட்டு." இவ முன்னால நடந்துட்டா. டாக்டர் வீட்டுல இருந்து வரும்போது மட்டும் சிரிச்ச முகமா இருந்தா. என்ன சந்தோசமோ.

இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? காலையில கொள்ளுக் கஞ்சி. மத்தியானம் வாழைத்தண்டு. ராத்திரி வெந்நீர். இவ்வளவுதான். நானும் சும்மா இல்ல, அவ தட்டைப் பாத்துக்கிட்டே பக்கத்துல இருப்பேன். எங்க வீட்டுக்காரக ஒருநாள் ரகசியமா ரெண்டு இட்டிலியைத் துணியில சுத்தி அவ பையில வச்சுட்டாக. நான் கண்டுபிடிச்சு எடுத்துட்டேன். நீங்க அவளுக்கு அப்பாவா, எதிரியான்னு கேட்டேன். மனுசன் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டாக.

குறைஞ்சுதான்மா வந்துது. அதைச் சொல்லணும். முதல் மாசம் சரசரன்னு எறங்கிச்சு. எனக்கு ஒரே சந்தோசம். முகம் வாடிப்போச்சு, முடி கொட்டிச்சு, அதெல்லாம் சரியாயிரும்னு விட்டுட்டேன்.

அப்புறம் ஒருநாள் ஆம்புலன்ஸ் டிரைவர் போன் பண்ணுதான். மூணாவது மாடியில இருந்து ஒரு பெரியவரை ஸ்டிரெச்சர்ல எறக்கிக்கிட்டு வந்திருக்காங்க. முன்னால இவ, பின்னால அவன். நடுப்படியில இவளுக்குக் கண்ணு இருட்டிட்டு. பிடியை விட்டா அந்தப் பெரியவர் உருண்டிருப்பாரு. இவ விடலையாம். அப்படியே படியில உக்காந்து, ஸ்டிரெச்சரைத் தோளுல தாங்கிக்கிட்டு, ஆளு வார வரைக்கும் இருந்திருக்கா. ரெண்டு முட்டியும் தோலு உரிஞ்சு போச்சு. டிரைவர் கேக்கான், "யம்மா, இந்தக்கா காலையில ஏதாச்சும் சாப்பிட்டாங்களா?" கொள்ளுக் கஞ்சி குடிச்சாளேன்னேன். அவன் டக்குன்னு போனை வச்சுட்டான். இந்தக் காலத்துப் பயலுகளுக்கு மரியாதையே கிடையாது.

அன்னைக்கு வீட்டுக்கு வந்தா. முட்டியில கட்டு. பெட்டியை எடுத்தா, துணியை அடுக்கினா. என்னட்டின்னேன். "அந்தத் தாத்தாவுக்கு ஏதாவது ஆயிருந்தா நீ என்னம்மா சொல்லியிருப்பே?"ன்னு கேட்டா. ஒண்ணும் ஆகலைல்லான்னேன். நான் சொன்னது தப்பா? ஒண்ணும் ஆகலைதானே? டவுன்ல ஹாஸ்டல் ரூம் பாத்துப் போயிட்டா. ஒரு மயக்கத்துக்கு யாராவது வீட்டை விட்டுப் போவாங்களா?

அங்க போயி அந்த டாக்டரம்மா சொன்னபடியே செஞ்சிருக்கா. அவளே சமைச்சு, அவளே நடந்து. ஆறு கிலோ குறைஞ்சிருக்காம். அந்த ஆறுலயே நிக்கா. சர்க்கரையும் எறங்கிட்டாம். படி ஏறினா மூச்சு வாங்கலையாம். அப்பாட்ட போனுல சொல்லியிருக்கா. எனக்குப் பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியலை. உனக்குத் தெரியுதா? உனக்கு முந்தி எப்படி இருந்தான்னு தெரியாதுல்லா. கொஞ்சம் கன்னம் தெளிஞ்சிருக்கு, அவ்வளவுதான். உனக்குக் கல்யாணம் ஆயிட்டாம்மா? நீ கொஞ்சம் சதை போடணும். இப்படி இருந்தா மாமியாக்காரி ஏதாவது சொல்லுவா.

வீட்டுல அவ இல்லாம எனக்கும் இருக்க முடியலைம்மா. உண்மையைச் சொல்லுதேன். ரெண்டு பேரு மட்டும் உக்காந்து சாப்பிட்டா சோறு எறங்க மாட்டேங்குது. அவுக பேசுறதே இல்ல. ஆடி வந்துது. நானே போன் பண்ணி, நேர்ச்சையை மட்டும் முடிச்சிரு தாயி, அம்மன் கடன் வேண்டாம்னு கெஞ்சினேன். அவ வாரேன்னா. அப்படியே வீட்டுக்கும் வரலாம்லான்னு கேட்டேன். பாப்போம்னா.

இப்ப வெல்லம் வாங்கணும். இங்கதான் எனக்குச் சிக்கல். நாங்க துலாபாரத்துக்குப் போறது ஊருக்கே தெரியும். எங்க தெருக் கடையில போயி எண்பத்தஞ்சு கிலோ வெல்லம்னு கேட்டா, சாயங்காலத்துக்குள்ள எட்டுத் தெருவுக்கும் இவ எடை தெரிஞ்சிரும். நான் யோசிச்சேன். அறுபது கிலோன்னு வாங்கினேன். பத்துப் பத்தா ஆறு மூட்டை. ஊருக்கு அறுபதுன்னு கணக்காப் போச்சு. மீதியைக் கோயில் வாசல்ல இருக்க கடையில வாங்கிக்கிடலாம், அங்க நம்மளை யாருக்குத் தெரியும்? புத்திசாலித்தனமா இல்லையா, நீ சொல்லு.

அங்க போனா, ஆடிக் கடைசி வெள்ளி. வாசல் கடையில வெல்லம் தீந்து போச்சு. எல்லாத்தையும் காலையிலயே வழிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. இவ வேற வந்து நிக்கா. ஒண்ணும் சொல்லாம இருந்துட்டேன். எப்படியாவது ஆகும்னு.

தட்டுல ஏறி உக்காந்தா. தட்டு தரையில தங்கிச்சு. தராசுக்காரர் ஒவ்வொரு மூட்டையா எடுத்து வைக்காரு. ஆறும் வச்சாச்சு. வெல்லத் தட்டு ஆகாசத்துல நிக்கு. அசையலை. அவரு திரும்பிப் பாத்து, "இன்னும் எங்க?"ன்னாரு. அவ்வளவுதான்னேன். அவரு வாயை அடக்கியிருக்கலாம். "அறுபது வச்சாச்சு, பத்தலை!"ன்னு அம்மனுக்குக் கேக்கும்படி கூப்பிட்டாரு. கோயிலே திரும்பிப் பாத்துது. அக்கா சம்பந்தி தூண்கிட்ட நிக்கா.

உலகு மூட்டைகளைப் பாத்தா. எண்ணியிருக்கா போல. என்னைப் பாத்தா. "அறுபதுக்குத்தான் வாங்கினியாம்மா?"ன்னா. கோபமே இல்ல குரல்ல. கோபப்பட்டிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். அவ கண்ணு நெறஞ்சிட்டு. அம்மன் முன்னால உக்காந்து அழலாமா? அழாதட்டின்னேன்.

ஏறினவங்க குறையோட எறங்கக் கூடாதாம். தராசுக்காரர் கேட்டாரு, "நேர்ந்துக்கிட்டது யாரு?" நாந்தான்னேன். "அப்ப நீங்க ஏறுங்க. நேர்ந்தவங்க ஏறிக் குறையை நெரப்பலாம், அது இங்க உள்ள முறைதான். பத்தாத வெல்லத்தை அடுத்த வெள்ளி கொண்டாந்து குடுத்திருங்க"ன்னாரு. நான் மாட்டேன்னேன். பின்னால வரிசை நிக்கு, பிள்ளைக அழுதுக, ஒரு பொம்பளை ஏறுக்கா, ஏறுன்னு சொல்லுதா. ஏறினேன்.

தட்டு டப்புன்னு தரைக்கு வந்துட்டு. எதிர்த் தட்டு மேல போயி, இவ காலு அந்தரத்துல ஆடுது. அவரு ஒரு மூட்டையை எறக்கினாரு. அசையலை. இன்னொண்ணை எறக்கினாரு. அப்புறம் இன்னொண்ணு. எனக்கு வேர்த்து ஊத்துது. கடைசியில ஆறு மூட்டையும் கீழ போயிட்டு. தட்டுல நான் ஒருத்திதான். தராசு மெதுவா மேலயும் கீழயுமா ஆடி ஆடி, நின்னுட்டு. சரிக்குச் சரி. நானும் அவளும் நேருக்கு நேர், ஒரே உசரம்.

"தாயும் மகளும் சரிநிறை!"ன்னு கூப்பிட்டாரு. சுத்தி நின்ன பொம்பளைங்க எல்லாம் குலவை போட்டாங்க. அம்மன் அள்ளிக் குடுத்திருக்கான்னு ஒருத்தி சொன்னா. கேலியாத்தான் இருக்கும், வேற என்ன. உலகு மட்டும் என்னைப் பாத்துச் சிரிச்சா. கண்ணுல தண்ணியோட சிரிக்கா. எத்தனை மாசமாச்சு அவ என்னைப் பாத்துச் சிரிச்சு. "யாரு எலும்பும்மா இது?"ன்னா. தராசு ரொம்பப் பழசும்மா. சங்கிலி எல்லாம் துருப்பிடிச்சுக் கெடக்கு. அதை எல்லாம் நம்ப முடியாது.

கீழ எறங்கினதும் ஒரு ஓரமாக் கூட்டிக்கிட்டுப் போனா. என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "நேர்ச்சை முடிஞ்சிட்டுல்லா. இன்னையோட என் எடையைப் பத்தி நீ பேசுறதும் முடிஞ்சுது. வீட்டுலயும் பேசக் கூடாது, அக்கம்பக்கத்துலயும் பேசக் கூடாது. யார்ட்டயும் பேசக் கூடாது. அப்படி இருப்பேன்னா சொல்லு, இப்பவே உங்கூட வீட்டுக்கு வாரேன்"னா. நான் அம்மன் சத்தியமா இருக்கேன்னேன். உடனே கிளம்பிட்டாம்மா. ஹாஸ்டலுக்குக்கூடப் போகலை. அவ அப்பாவுக்குப் போன் போட்டுக் கத்தரிக்கா பொரியல் வைக்கச் சொன்னா. நல்ல மனசு அவளுக்கு. மனசு எல்லாம் தங்கம்மா, அந்த உடம்பு மட்டும் ஒரு இருபது கிலோ...

எதுக்கு என் கையை அமுக்குதே? என்னம்மா?

ஏ, பஸ்ஸு ஏன் நிக்கு? உலகு எந்திரிச்சிட்டாளே. ஏட்டி, உலகு! நம்ம ஊரு இன்னும் வரலைட்டி! இது டவுனுக்கு பஸ் மாறுற எடம்! கண்டக்டர் தம்பி, அந்தப் பச்சைச் சுடிதாரு, என் மகதான், எறங்க விடாதீங்க. உலகு, இங்க திரும்பிப் பாரு. அப்பா சோறு வடிச்சு வச்சிருக்காக. ஏட்டி!

எறங்கிட்டா. தம்பி, விசில் குடுக்காதீங்க, நானும் எறங்கணும். இந்தாம்மா, உன் பையைப் பிடி. காலு வேற மரத்துப் போச்சு.

நான் யார்ட்டம்மா சொன்னேன்? உன்கிட்டதானே. நீ எந்த ஊரோ, என்ன பேரோ. உன்கிட்ட சொன்னது எப்படிம்மா யார்ட்டயோ சொன்னதாகும்?